கம்பியை மறைப்பதா, காட்டுவதா? உலாவியையும் சேவையகத்தையும் இணைக்கும் திறமூல லைப்ரரிகள் குறித்து

உலாவியில் ஓடும் நிரலும் சேவையகத்தில் ஓடும் நிரலும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும்? வலை பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தக் கேள்விக்கு வந்த விடைகளோ ஏராளம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புதிய திறமூல லைப்ரரி வருகிறது, முந்தையவை விட்டதையெல்லாம் பிடித்துவிட்டதாக நம்பிக்கை தருகிறது, பரவுகிறது, பிறகு அதன் குறைகளே அடுத்ததற்கு வழிவிடுகின்றன. பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த வரிசை முழுவதிலும் ஒரே வழக்குதான் நடக்கிறது: இரண்டு நிரல்களுக்கும் நடுவில் இருக்கும் வலையமைப்பை நிரலாளரின் கண்ணிலிருந்து மறைப்பது நல்லதா, அதை எப்போதும் கண்முன்னே நிறுத்துவது நல்லதா?

இந்த வழக்கின் முக்கியத் தரப்புகளை வரிசைப்படுத்தி, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுவாகப் பேசினால் எல்லா லைப்ரரியும் நன்றாகவே தோன்றும் என்பதால் உரைகல்லாக ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறோம்: பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை.

ஆலைத் தளம் வைக்கும் நிபந்தனைகள்

1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகமும் அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூவும் முன்னெடுத்த தொழில்மயத் திட்டத்தில், 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இன்டெல் அதே ஆண்டு இங்கேதான் தொடங்கியது. சிப்புகளைப் பொருத்துவது, சோதிப்பது, அளவைக் கருவிகள் செய்வது என்று இன்றுவரை அந்த மரபு தொடர்கிறது.

இத்தகைய ஆலைகளின் இயந்திரங்களுக்கு வலை வருவதற்கு முன்பே ஒரு பேச்சு மொழி இருந்தது. குறைகடத்தித் துறையின் அமைப்பான செமி வகுத்த எஸ்.இ.சி.எஸ். தரநிலைகள் 1980களின் தொடக்கத்தில் வரிசைத் தொடர்புக் கம்பியில் ஓடின; 1990களில் எச்.எஸ்.எம்.எஸ். என்ற வடிவில் டி.சி.பி. வலையமைப்புக்கு வந்தன. சோதனை இயந்திரமான ஒரு டெஸ்டர் ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிச் சிப்புகளை, சோதித்து முடித்ததாக வைத்துக்கொள்வோம். அது எஸ்6எஃப்11 என்ற நிகழ்வு அறிக்கையை ஹோஸ்ட் கணினிக்கு அனுப்பும். பெற்றுக்கொண்டேன் என்று ஹோஸ்ட் எஸ்6எஃப்12 அனுப்பும். பதில் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அது பிழையாகப் பதிவாகும். பேச எதுவும் இல்லாத நேரத்திலும், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க லிங்க்டெஸ்ட் என்ற தனிச் செய்தி உண்டு. இணைப்பு சத்தமில்லாமல் செத்துப்போகும் என்பதை ஆலைத் துறை தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்திருந்தது.

இந்தச் செய்தி எஞ்சினியரின் மேசையில் திறந்திருக்கும் உலாவிக்குப் போய்ச் சேர வேண்டும். உலாவிப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நேராக ஒரு டி.சி.பி. இணைப்பைத் திறக்க முடியாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த தடை அது. எனவே ஹோஸ்டுக்கும் உலாவிக்கும் நடுவில் ஒரு சேவையக நிரல் நின்று, எஸ்.இ.சி.எஸ். செய்தியை உலாவி அறிந்த வடிவுக்கு மாற்றி அனுப்புகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தைச் சுமப்பவையே இங்கே பேசப்படும் லைப்ரரிகள்.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் நான்கு நிபந்தனைகள் தெளிவாகின்றன. இணைப்பு அறுந்தால் திரையில் தெரிய வேண்டும். நின்றுபோன டெஸ்டரைப் பச்சை நிறத்தில் 'ஓடுகிறது' என்று காட்டும் திரை, எதையும் காட்டாத திரையைவிட ஆபத்தானது. இடையில் தவறிய செய்திகளை மீட்க வழி வேண்டும். உலாவியிலிருந்து வரும் எதையும் சேவையகம் சோதிக்காமல் நம்பக் கூடாது. கடைசியாக, ஆலை இயந்திரங்கள் பல ஆண்டுகள் ஓடுபவை. அவற்றோடு சேர்ந்து லைப்ரரியும் தாக்குப்பிடிக்க வேண்டும். இனி ஒவ்வொரு தரப்பையும் இந்த நான்கையும் கொண்டு எடைபோடலாம்.

பக்கத்துக்குப் பக்கம்

1993-இல் என்.சி.எஸ்.ஏ. சேவையகத்தோடு வந்த சி.ஜி.ஐ. முறையில் உறவு எளிமையானது. பயனர் படிவத்தை நிரப்பி அனுப்புவார். சேவையகத்தில் ஒரு நிரல் ஓடும். முழுப் பக்கம் ஒன்று திரும்பி வரும். 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி.யும் இதே வழியைத்தான் எளிதாக்கியது. இங்கே வலையமைப்பு முற்றிலும் வெளிப்படை. சொடுக்கினால் பக்கம் மாறும், காத்திருக்க வேண்டும், இணைப்பு இல்லாவிட்டால் உலாவியே பிழையைக் காட்டும்.

1999-இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல், அவுட்லுக் அஞ்சலை உலாவியில் காட்டும் தேவைக்காக, பக்கத்தை மாற்றாமலே சேவையகத்தைக் கேட்கும் ஒரு கருவியைச் சேர்த்தது. எக்ஸ்.எம்.எல்.எச்.டி.டி.பி.ரிக்வெஸ்ட் என்று அறியப்பட்ட அக்கருவியின் வலிமையை 2004-இல் வந்த ஜிமெயிலும் 2005-இல் வந்த கூகுள் வரைபடமும் உலகுக்குக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். அதோடு பக்கத்தின் எல்லை கரைந்தது. பிழையைப் பயனருக்குச் சொல்லும் பொறுப்பும் உலாவியிடமிருந்து நிரலாளரின் கைக்கு மாறியது. பின்னால் வந்த தகராறுகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் தரப்பு: தொலைவை மறைப்பது

முதல் தரப்பின் வாதம் கவர்ச்சியானது. சேவையகத்தில் ஒரு செயற்கூறு இருக்கிறது. அதை உலாவியிலிருந்து, பக்கத்தில் இருப்பதைப் போலவே அழைக்க முடிந்தால் நிரலாளருக்குப் பாதி வேலை மிச்சம். இந்த எண்ணம் வலையைவிடப் பழையது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் தொலைச் செயல் அழைப்பை எப்படிக் கட்டுவது என்று 1984-இல் எழுதிய ஆய்வுரை அதன் அடித்தளம். 1998-இல் டேவ் வைனர் அதை எக்ஸ்.எம்.எல். வழியாக வலைக்குக் கொண்டுவந்தார்.

உலாவிக்கு இதை முழுமையாகக் கொண்டுசேர்த்த லைப்ரரிகளில் முன்னோடி, ஜோ வாக்கர் 2005-இல் உருவாக்கிய டி.டபிள்யூ.ஆர். சேவையகத்தில் உள்ள ஜாவா வகுப்புகளில் எவற்றை உலாவிக்குத் திறந்துவிடலாம் என்று ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். அதே பெயருள்ள ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகளை லைப்ரரியே உருவாக்கித் தந்துவிடும். லாட் எண்ணைக் கொடுத்து நிலையைக் கேட்கும் ஜாவா மெத்தட் ஒன்று இருந்தால், உலாவியிலும் அதே பெயரில் அதை அழைக்கலாம். ஒரே வேறுபாடு, விடை உடனே வராது என்பதால், வந்தபின் ஓட வேண்டிய செயற்கூற்றைக் கூடவே கொடுக்க வேண்டும். 2006-இல் கூகுள் வெளியிட்ட ஜி.டபிள்யூ.டி. இன்னும் ஒரு படி போய், உலாவிப் பகுதியையும் ஜாவாவிலேயே எழுதச் செய்தது.

இந்தத் தரப்புக்கு எதிரான மிக வலுவான வாதம் ஏஜாக்ஸுக்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தில் ஜிம் வால்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் எழுதிய குறிப்பில், அருகில் உள்ள பொருளையும் தொலைவில் உள்ள பொருளையும் ஒன்றாக நடத்துவது அடிப்படையிலேயே தவறு என்றார்கள். தாமதம் மட்டும் பிரச்சினையல்ல. பாதி வேலை முடிந்து பாதி முடியாமல் போகும் நிலைதான் பெரிய சிக்கல். லாட்டை நிறுத்திவைக்கும் கட்டளைக்கு விடை வரவில்லை என்றால் கட்டளை போய்ச் சேரவில்லையா, சேர்ந்து நிறைவேறிய பின் விடை மட்டும் தொலைந்ததா? உள்ளூர் அழைப்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தொலை அழைப்பில் அதுதான் முதல் கேள்வி.

பாதுகாப்பிலும் இடறல் வந்தது. 2007-இல் ஃபோர்டிஃபை நிறுவனம் 12 ஏஜாக்ஸ் லைப்ரரிகளை ஆராய்ந்தது. சேவையகம் ஜேசான் என்ற தரவு வடிவில் அனுப்பும் விடையை வேறொரு தளம் ஸ்கிரிப்ட் போலத் தன் பக்கத்தில் ஏற்றிப் படித்துவிட முடிந்தது. பயனரின் குக்கியை உலாவி தானாகவே சேர்த்து அனுப்பிவிடும் என்பதால் சேவையகத்துக்குச் சந்தேகமும் வராது. இதைத் தடுக்கும் ஏற்பாடு அந்தப் பன்னிரண்டில் டி.டபிள்யூ.ஆர். 2.0-இல் மட்டுமே இருந்தது. எல்லையை மறைக்கும் லைப்ரரி அந்த எல்லையைத் தானே காவல் காக்கவும் வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். டி.டபிள்யூ.ஆர். அதைச் செய்தது, மற்றவை செய்யவில்லை.

இரண்டாம் தரப்பு: முகவரி கொடுப்பது

ராய் ஃபீல்டிங் 2000-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இதற்கு நேரெதிர்த் திசையைக் காட்டியது. அவர் ரெஸ்ட் என்று பெயரிட்ட வழியில் செயற்கூறுகளை அழைப்பது கிடையாது. ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு முகவரி இருக்கும். வாங்கு, வை, நீக்கு என்ற பொதுவான சில வினைகளால் அதை அணுகலாம். வலையமைப்பு இருக்கிறது என்பதை இந்த வழி மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. விடையைச் சேமித்துவைக்கலாமா, எவ்வளவு நேரம் வைக்கலாம், திரும்பக் கேட்டால் பாதகம் உண்டா என்பவை எல்லாம் நெறிமுறையிலேயே சொல்லப்படுகின்றன. ஜாவாவில் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும் வேறுபாடில்லை. ஆயுள் நிபந்தனையில் இந்தத் தரப்பே முன்னணியில் நிற்கிறது: லைப்ரரி மறைந்தாலும் முகவரி நிலைக்கும்.

குறை என்னவென்றால், கேட்டால்தான் விடை. என்ன மாறியது என்று அறிய உலாவி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை நிரலாளர்கள் பலர் வெட்கத்துக்குரியதாக எண்ணுகிறார்கள், எப்போதும் அப்படியல்ல. மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம் ரேபிட் பினாங்கு பேருந்துகளின் இருப்பிடத்தை ஜி.டி.எஃப்.எஸ். ரியல்டைம் வடிவில் தருகிறது. அந்தத் தரவு 30 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. பாயான் லெப்பாஸுக்கு வரும் பேருந்தை வரைபடத்தில் காட்டும் பக்கம் எவ்வளவு நவீனமான லைப்ரரியைப் பயன்படுத்தினாலும் அதைவிடப் புதிய செய்தி கிடைக்கப்போவதில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது அங்கே போதுமானது, எளியது, நம்பகமானது.

இன்னொரு குறை, ஒரு திரையை நிரப்பப் பல முகவரிகளைக் கேட்க நேர்வது. ஃபேஸ்புக் 2012-இல் தனக்காகக் கட்டி 2015-இல் திறமூலமாக்கிய கிராஃப்கியூஎல் இதற்கு மருந்தாக வந்தது. வேண்டிய தரவின் வடிவத்தை உலாவியே எழுதி ஒரே கேள்வியாக அனுப்பும். ஆனால் எச்.டி.டி.பி. அழகாகக் கொடுத்த சேமிப்பு வசதி இதில் பெருமளவு இழக்கப்படுகிறது. ஆழமாக அடுக்கிய ஒரே கேள்வியால் தரவுத்தளத்தைத் திணறடிக்கவும் முடியும் என்பதால் வரம்புகளைத் தனியே கட்ட வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் இந்திய எடுத்துக்காட்டு பயன்படும். தன்மய் கோபால், ரஜோஷி கோஷ் இருவரும் தொடங்கிய ஹசுரா நிறுவனம் 2018-இல் தன் கிராஃப்கியூஎல் எஞ்சினைத் திறமூலமாக வெளியிட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மேல் அதை வைத்தால், தரவு மாறும்போதெல்லாம் உலாவிக்கு நேரலையாகத் தெரிவிக்கும். உள்ளே அது செய்வது, ஒரே மாதிரியான பல பயனர்களின் கேள்விகளைத் தொகுத்து, இயல்பமைப்பில் விநாடிக்கு ஒருமுறை தரவுத்தளத்தைக் கேட்பதுதான். கேட்கும் வேலை உலாவியிடமிருந்து சேவையகத்துக்கு இடம் மாறியிருக்கிறது, மறையவில்லை. வடிவமைப்பாளர்கள் இதை ஆவணத்தில் வெளிப்படையாக விளக்கியிருப்பது பாராட்டத்தக்கது.

மூன்றாம் தரப்பு: திறந்தே இருக்கும் வழி

செய்தி எழும்போதே உலாவிக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது மூன்றாம் தரப்பு. அலெக்ஸ் ரஸ்ஸல் 2006-இல் காமெட் என்று பெயரிட்ட உத்தியில், உலாவி ஒரு கேள்வியை அனுப்பும். சொல்ல ஏதாவது கிடைக்கும்வரை சேவையகம் விடை தராமல் பிடித்துவைக்கும். டோஜோ அறக்கட்டளையின் காமெட்டி இதை ஒரு நெறிமுறையாகவே ஆக்கியது, டி.டபிள்யூ.ஆரும் தலைகீழ் ஏஜாக்ஸ் என்று இதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு சேவையகத்தோடு இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று 1999-இன் எச்.டி.டி.பி. வரையறை அறிவுறுத்தியிருந்தது. அதில் ஒன்றைக் காமெட் எப்போதும் பிடித்துக்கொண்டால் மற்ற வேலைகள் நெருக்கடிக்குள்ளாயின.

2011 டிசம்பரில் வெப்சாக்கெட் தரநிலையானது; இருவழியும் திறந்த ஒரே இணைப்பு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே கியேர்மோ ராவ் சாக்கெட்.ஐஓ லைப்ரரியை வெளியிட்டிருந்தார். வெப்சாக்கெட்டை வழிமறிக்கும் இடைநிலைச் சேவையகங்களான ப்ராக்சிகள் நிறுவன வலையமைப்புகளில் இன்றும் உண்டு. சாக்கெட்.ஐஓ முதலில் சாதாரண எச்.டி.டி.பி. வழியில் தொடங்கி, முடிந்தால் வெப்சாக்கெட்டுக்கு உயர்த்திக்கொள்ளும். டாட்நெட் உலகில் டேவிட் ஃபவுலர், டேமியன் எட்வர்ட்ஸ் இருவரும் கட்டிய சிக்னல்ஆர் இதே பணியைச் செய்கிறது. மும்பையில் உருவாகிப் பல நாடுகளின் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கும் நிறுவன மேலாண்மை மென்பொருளான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், தன் ஃபிராப்பே கட்டமைப்பின் நேரலைச் செய்திகளுக்குச் சாக்கெட்.ஐஓவையே நம்புகிறது.

ஆலையின் முதல் நிபந்தனை இங்கேதான் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் துடிப்புச் செய்தி வெப்சாக்கெட் நெறிமுறையில் உண்டு. அதைப் பயன்படுத்தும் வழியை உலாவிகள் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்கவில்லை. எனவே ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கென ஒரு துடிப்பைக் கட்டுகிறது. சாக்கெட்.ஐஓவின் நான்காம் பதிப்பில் இயல்பமைப்பு 25 விநாடிக்கு ஒரு துடிப்பு, 20 விநாடிக் காத்திருப்பு. கம்பி பிடுங்கப்பட்டதை அது உணர 45 விநாடிகள்வரை ஆகலாம். அதுவரை திரை பழைய எண்ணையே காட்டும். சிக்னல்ஆரில் சேவையகத்திடமிருந்து 30 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பு போனதாக உலாவிப் பகுதி முடிவுசெய்யும். அரட்டைச் செயலிக்கு இந்த எண்கள் பொருத்தமானவை. டெஸ்ட் தளத்தின் திரைக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்டு மாற்ற வேண்டும். இயல்பமைப்பு அந்தக் கேள்வியைத் தானாக எழுப்பாது.

இரண்டாம் நிபந்தனையிலும் கவனம் தேவை. சாக்கெட்.ஐஓவில் செய்தி அதிகபட்சம் ஒருமுறை போய்ச் சேரும். இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் சேவையகம் அனுப்பியது தொலைந்துவிடும். 2023-இல் வந்த 4.6 பதிப்பில்தான் சிறு இடைவெளிகளுக்கு இழந்ததை மீட்கும் வசதி சேர்ந்தது. அதையும் நிரலாளரே இயக்கிவிட வேண்டும். இவ்விடத்தில் எளிய உடன்பிறப்பான சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் ஒரு படி முன்னே நிற்கிறது. சேவையகத்திலிருந்து உலாவிக்கு ஒருவழியாக உரைச் செய்திகளை மட்டும் அனுப்பும் இந்த முறை உலாவியிலேயே உள்ளடங்கியது. இணைப்பு அறுந்தால் உலாவி தானே மீண்டும் இணைந்து, கடைசியாகப் பெற்ற செய்தியின் அடையாளத்தைச் சொல்லும். சேவையகம் பழைய செய்திகளைச் சேமித்துவைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் பழைய எச்.டி.டி.பி. 1.1 வழியில் ஒரு முகவரிக்கு உலாவி ஆறு இணைப்புகளுக்கு மேல் தராது. எஞ்சினியர் ஆறு இயந்திரங்களை ஆறு தாவல்களில் திறந்துவைத்துவிட்டு ஏழாவதைத் திறந்தால் அது வெறுமையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எச்.டி.டி.பி. 2-க்கு மாறினால் இந்தத் தடை நீங்கும். ஆலைக்குள் இருக்கும் பழைய சேவையகம் மாறியிருக்கிறதா என்பதே கேள்வி.

மூன்றாம் நிபந்தனையான நம்பிக்கைப் பிரச்சினையும் வெப்சாக்கெட்டில் கூர்மையாகிறது. வேறு தளத்தின் விடையைப் படிக்கவிடாமல் தடுக்கும் ஒரே மூல விதி வெப்சாக்கெட் இணைப்பைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆலைக்குள் அமர்ந்திருப்பவர் வெளித்தளம் ஒன்றைப் பார்க்கும்போது, அந்தத் தளத்தின் நிரல் அவருடைய உலாவி வழியாகவே உள் சேவையகத்துக்கு இணைப்பைத் திறக்க முயலலாம். வந்த இணைப்பு எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது என்பதைச் சேவையகம்தான் சோதிக்க வேண்டும். உள் வலையமைப்பு என்பதே பாதுகாப்பு என்று எண்ணுவோர்க்கு இது முக்கியமான எச்சரிக்கை.

நான்காம் தரப்பு: பக்கத்தையே துண்டாக அனுப்புவது

ஜேசான் அனுப்பி, அதை உலாவியில் மறுபடி பக்கமாகக் கட்டும் வேலையே தேவையற்றது என்கிறது நான்காம் தரப்பு. கார்சன் கிராஸ் 2013-இல் எழுதிய இன்டர்கூலரிலிருந்து வளர்ந்து 2020-இல் முதல் பதிப்பு கண்ட எச்.டி.எம்.எக்ஸ்., பக்கத்தின் எந்தப் பகுதியையும் சேவையகம் அனுப்பும் எச்.டி.எம்.எல். துண்டால் மாற்றவிடுகிறது. எலிக்சர் மொழியில் கிறிஸ் மெக்கார்ட் உருவாக்கிய லைவ்வியூ, பயனர் ஒவ்வொருவருக்கும் சேவையகத்தில் ஒரு சிறு செயல்முறையை வைத்து, மாறிய பகுதியை மட்டும் வெப்சாக்கெட்டில் அனுப்புகிறது. பி.எச்.பி. உலகில் காலெப் போர்சியோவின் லைவ்வயரும், ரூபி உலகில் 2020 டிசம்பரில் வந்த ஹாட்வயரும் இதே குடும்பம்.

இதன் வலிமை சிக்கனம். உண்மை நிலை ஒரே இடத்தில், சேவையகத்தில், இருக்கிறது. இரண்டு பிரதிகள் ஒன்றுக்கொன்று முரணாகும் தொல்லை குறைகிறது. மூன்றே பேர் கொண்ட ஆலை ஐ.டி. குழுவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் அடுக்கு முழுவதையும் சுமக்காமலிருப்பது பெரிய விடுதலை. பலவீனம் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் சேவையகம் வரை போய்வர வேண்டும் என்பதால் தொலைவு கூடக் கூடத் திரை கனக்கும். பாயான் லெப்பாஸில் சேவையகமும் திரையும் ஒரே கட்டடத்தில் இருந்தால் தெரியாது; அதே பக்கத்தைக் கண்டம் தாண்டியுள்ள தலைமையகம் பார்க்கும்போது தெரியும். தவிர, இயந்திரத்திலிருந்து வந்த உரையைச் சுத்தம் செய்யாமல் எச்.டி.எம்.எல். துண்டில் வைத்தால் அது நிரலாக ஓடிவிடும் ஆபத்தும் உண்டு.

முதல் தரப்பின் மறுவருகை

மறைக்கும் ஆசை ஓய்ந்துவிடவில்லை. கூகுள் 2015-இல் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. சேவையகங்களுக்கிடையே தொலைச் செயல் அழைப்பைப் புதுப்பித்தது. உலாவிகள் அதை நேராகப் பேச இயலாததால் இடையில் ஒரு ப்ராக்சியோடு ஜி.ஆர்.பி.சி. வெப் 2018-இல் வந்தது. டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோர்க்கு டி.ஆர்.பி.சி., சேவையகச் செயற்கூற்றின் வகைகளை உலாவி நிரல் எழுதும்போதே சரிபார்க்கிறது. 2023 அக்டோபரில், ரியாக்ட் சார்ந்த நெக்ஸ்ட்.ஜே.எஸ். கட்டமைப்பின் 14-ஆம் பதிப்பில் நிலைபெற்ற சர்வர் ஆக்ஷன்ஸில், ஒரே கோப்பில் எழுதிய செயற்கூறு சேவையகத்தில் ஓட வேண்டியது என்று ஒரு வரியில் குறித்துவிட்டால் போதும்.

டி.டபிள்யூ.ஆர். காலத்தோடு ஒப்பிட்டால் இவை உண்மையிலேயே முன்னேறியவை. வகைப் பொருத்தமின்மையால் எழும் பிழைகள் வெளியீட்டுக்கு முன்பே பிடிபடுகின்றன. விடைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது மொழியின் அமைப்பிலேயே தெரிகிறது. ஆனால் வகைச் சரிபார்ப்பு நடப்பது நிரல் எழுதும் மேசையில். ஓடும் நேரத்தில் கம்பியில் வருவது யார் வேண்டுமானாலும் செய்து அனுப்பக்கூடிய பைட்டுகள்தாம். 2025 டிசம்பர் 3 அன்று வெளியான ரியாக்ட் சர்வர் கம்போனன்ட்ஸ் பாதுகாப்புக் குறை இதைக் கடுமையாக நினைவூட்டியது. உலாவியிலிருந்து வரும் கோரிக்கையைச் சேவையகம் பிரித்துப் படிக்கும் இடத்தில் இருந்த பிழையால், உள்நுழையாத ஒருவர்கூடச் சேவையகத்தில் தன் நிரலை ஓட்ட முடிந்தது. தீவிர மதிப்பெண் 10-க்கு 10. 2007-இன் பாடமும் 2025-இன் பாடமும் தொழில்நுட்பத்தில் வேறு. அவை சுட்டும் இடம் ஒன்று.

யார் பராமரிப்பது?

ஆயுள் நிபந்தனைக்கு நிரலின் தரம் மட்டும் போதாது. 2012-இல் பேரார்வத்தோடு வரவேற்கப்பட்ட மீட்டியர், உலாவியையும் சேவையகத்தையும் ஒரே தரவால் பிணைத்தது. அதைக் கட்டிய நிறுவனத்தின் கவனம் பிறகு கிராஃப்கியூஎல் பக்கம் திரும்பியது. 2019-இல் மீட்டியர் வேறு கைக்கு மாறியது. பல சேவையகங்களில் ஓடும் சாக்கெட்.ஐஓ அமைப்புகள் செய்தியைப் பகிரப் பரவலாக நம்பிய ரெடிஸ், 2024 மார்ச்சில் தன் உரிமத்தைத் திறமூல வரையறைக்கு வெளியே கொண்டுபோனது. உடனே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்ற கிளை பிறந்தது. 2025-இல் ரெடிஸ் ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. 2025 செப்டம்பரில், ஏமாற்று மின்னஞ்சலால், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் களஞ்சியமான என்.பி.எம்.-இல் ஒரு பராமரிப்பாளரின் கணக்கு பறிபோய், சாக்கெட்.ஐஓ உட்பட எண்ணற்ற தொகுப்புகள் சார்ந்திருக்கும் டீபக் என்ற சிறு தொகுப்பிலும் தீய நிரல் நுழைந்தது.

இவற்றைக் காட்டித் திறமூலத்தைக் கைவிடச் சொல்வது தவறான முடிவு. மூடிய மென்பொருளின் ஆயுளும் உறுதியல்ல. ஃபிளாஷ் 2020 இறுதியில் நின்றபோது அதில் கட்டிய திரைகளுக்கு மாற்றுக் கிளை எதுவும் எழ வழியில்லை. ரெடிஸுக்கு வால்கி எழுந்தது. மலேசிய அரசுத் துறைக்கென 2004-இல் வகுக்கப்பட்ட திறமூல மென்பொருள் பெருந்திட்டமும் ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதை நோக்கங்களில் ஒன்றாகக் கொண்டிருந்தது. அந்த உரிமை பயன் தர வேண்டுமானால், நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியவர்கள் பயன்படுத்தும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

மதிப்பீடு

நான்கு தரப்புகளில் எதுவும் முழுமையாகத் தோற்கவில்லை; எதுவும் மற்றவற்றைத் தேவையற்றதாக்கவும் இல்லை. தரவு மெதுவாக மாறும் இடத்தில் கேட்டுப் பெறுவதே போதும். ஒருவழி நேரலைக்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் பெரும்பாலும் போதுமானது. இருவழிக் கட்டளைகளுக்கு வெப்சாக்கெட் லைப்ரரிகள் தேவைப்படலாம். சிறு குழுவுக்கு எச்.டி.எம்.எல். துண்டு வழி நியாயமான தேர்வு. தொலைச் செயல் அழைப்பும் தன் வசதியால் நிலைக்கும்.

ஆயினும் வரலாறு ஒரு பக்கம் சாய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. தட்டச்சு வேலையை மறைத்த லைப்ரரிகள் நன்மை செய்தன. தோல்வியையும் நம்பிக்கை எல்லையையும் சேர்த்து மறைத்தவை பின்னால் விலை கேட்டன. ஒரு லைப்ரரியைத் தேர்பவர் முதலில் பார்க்க வேண்டியது, எல்லாம் சரியாக ஓடும்போது அது எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்பதையல்ல. கம்பி அறுந்த அடுத்த நிமிடத்தில் அது நிரலாளருக்கும் பயனருக்கும் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தீராத கேள்விகள் மூன்று எஞ்சுகின்றன. திரையில் உள்ள ஒரு மதிப்பு எத்தனை விநாடி பழையது என்பதை எல்லா லைப்ரரிகளும் ஒரே முறையில் தெரிவிக்கப் பொது வழக்கு ஏதும் உருவாகவில்லை; ஒவ்வொரு குழுவும் தானே கட்டுகிறது, அல்லது மறந்துவிடுகிறது. எழுதும் நேரத்து வகைச் சரிபார்ப்பையும் ஓடும் நேரத்துச் சோதனையையும் நிரலாளர் தவறவிட முடியாதபடி ஒன்றாகப் பிணைப்பது எப்படி என்பதில் முயற்சிகள் தொடர்கின்றன, முடிவு தெரியவில்லை. பல ஆண்டு வாழும் இயந்திரத்தையும் சில ஆண்டில் முகம் மாறும் லைப்ரரியையும் எந்த ஏற்பாட்டில் சேர்த்துவைப்பது என்பது மூன்றாவது. இதற்கு விடை லைப்ரரியின் வடிவமைப்பில் மட்டும் கிடைக்கும் என்று தோன்றவில்லை. பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் இவற்றைப் பயன்படுத்துவோர், அறுந்த இணைப்புகளைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை மூல நிரலுக்கே திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால், லிங்க்டெஸ்ட் காலத்து எச்சரிக்கை உணர்வு வலைக்கும் வந்துசேரும் வாய்ப்பு உண்டு.